கரட்டுப்புதூரின் ஒற்றை மோட்டார்

கரட்டுப்புதூரில் ஆண்பிள்ளைகள் பிறப்பார்கள், நடப்பார்கள், கிளீனராக ஏறுவார்கள், டிரைவராக இறங்குவார்கள், அப்புறம் வடக்கே போய்விடுவார்கள். நாக்பூர், ராய்ப்பூர், கௌகாத்தி, ஜம்மு என்று எங்கள் ஊர்ப் பெண்களின் வாயில் புழங்கும் பெயர்களெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்திராத ஊர்களின் பெயர்கள். பக்கத்து ஊருக்கு வழி கேட்டால் யோசிப்பார்கள், ஜான்சியில் எந்த தாபாவில் தயிர் புளிக்காது என்று கேட்டால் பட்டென்று சொல்வார்கள். போனவர்கள் மாதக்கணக்கில் வரமாட்டார்கள், சிலர் வருடக்கணக்கில் வரமாட்டார்கள், சிலர் வரவே மாட்டார்கள், வராதவர்களின் வீட்டிலும் சோறு ஒரு ஆளுக்குக் கூடுதலாகத்தான் வெந்துகொண்டிருந்தது. இந்த ஊரில்தான் ஒரு பிளாஸ்டிக் வண்டி சுற்றிச் சுற்றி ஓடி, நிஜ வண்டிகளை வீட்டுக்கு இழுத்து வந்தது. இதைக் கேட்டு வாயைப் பிளப்பவர்கள் யாருக்காகவும் காத்திருந்து பார்த்ததில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அந்த வண்டியைக் கட்டியவள் சம்பூரணம். அவளுடைய அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டிக்குத் தரைப்பலகையும் பக்கப்பலகையும் கேபினும் ஏறுவதைப் பார்த்தே அவள் வளர்ந்தாள், பாவாடை கட்டிய வயதில் பின்பலகையில் தாமரையும் மயிலும் வரைந்தாள், அந்தப் பட்டறைக்குப் புது வண்டி கட்ட வந்த நாச்சிமுத்துவையே கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. ஒரு தடவை அவன் ஏற்றிப் போன சரக்கில் ஓர் அட்டைப்பெட்டி நசுங்கிவிட்டதென்று இறக்குகிற இடத்தில் ஒதுக்கித் தள்ளினார்கள், அதை அவன் பொண்டாட்டிக்குக் கொண்டுவந்தான். உள்ளே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள், பல்சக்கரங்கள், அச்சுகள், ரப்பர் டயர்கள், அப்புறம் வயரோடு தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிற மோட்டார். பெட்டியின் மேல் பந்தயக் கார் படம் போட்டிருந்தது. பந்தயக் காரை வைத்துக்கொண்டு கரட்டுப்புதூரில் யார் என்ன செய்வது, அவள் லாரி கட்டினாள்.

அந்த முறை நாச்சிமுத்து அஸ்ஸாம் பக்கம் போய்ப் போனும் எடுக்காமல் நெடுநாள் ஆகியிருந்தது. அவள் அவனுடைய வண்டியையே கட்டினாள். சேஸ், பின்னால் இரட்டை டயர், கியர், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகக் கவ்வவைத்து, நெற்றியில் ஊசிமுனையால் நம்பரை எழுதி, நிஜ வண்டியில் இருந்ததுபோலவே இருவர் பெயரையும் எழுதி, முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவது முறையாயிற்றே என்று ஒரு நெல்லிக்காயை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, வண்டியை ஒரு கயிற்றால் ஆட்டுக்கல்லில் கட்டி மோட்டாரைப் போட்டுவிட்டாள். அது செக்குமாடு மாதிரி ஆட்டுக்கல்லைச் சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தம் வீட்டில் ஆள் இருக்கும் சத்தம்போல இருந்ததால் அவள் அதை நிறுத்தவில்லை, சமைத்தாள், தூங்கினாள், எழுந்தாள், அது சுற்றிக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நாச்சிமுத்துவின் லாரி, வேறு யாருக்கோ போகவேண்டிய தேயிலைப் பெட்டிகளோடு, வாசலில் வந்து நின்றது. பிளாஸ்டிக் வண்டியும் அந்த நொடியே நின்றது. அவன் கால் ஆக்சிலேட்டரை விட்டு வர மறுத்தது, பக்கத்து வீட்டு வசந்தாமணியும் சம்பூரணமுமாக அதைக் கையால் தூக்கி எடுத்து வைத்தார்கள். வண்டி தன்னால் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றை வாங்கித் தின்று படுத்தான்.

வசந்தாமணி அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள், எங்க வீட்டுக்காரர் வண்டியையும் கட்டிக் கொடுங்க்கா என்று. அவளுடைய புருஷன் ரங்கமணி ஆந்திராவைத் தாண்டிப் போய் வருடம் ஒன்றாகியிருந்தது. கட்டை தீர்ந்தால் சங்ககிரிக் கடையில் குழந்தைகள் சாமானாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மோட்டாருக்கு மாற்றுக் கிடையாது. வேறு எந்த மோட்டாரைப் போட்டாலும் வண்டி சும்மா ஓடியது, யாரும் வரவில்லை. நாச்சிமுத்துவின் வண்டியிலிருந்து கழற்றி ரங்கமணியின் வண்டியில் மாட்டினார்கள், ரங்கமணி வந்தான். அதன் பிறகு ஒரு வண்டி முடிந்து இன்னொரு வண்டி என்று மோட்டார் சும்மா இருக்கவேயில்லை. யாருக்கு முந்தி யாருக்குப் பிந்தி என்ற சண்டை வந்த பிறகு அமாவாசைதோறும் மாரியம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்தவளுக்கு மோட்டார் என்று முடிவானது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூ கேட்கிற ஊர், இதற்குக் கேட்டதில் தப்பொன்றும் இல்லை.

வண்டி சுற்றும் நாட்களில் பெண்கள் முறைவைத்து சம்பூரணத்தின் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஊக்கு, புளியங்கொட்டை, எறும்பு என்று எது வண்டியின் பாதையில் வந்தாலும் விளக்குமாற்றால் ஒதுக்கினார்கள், இங்கே தரை சுத்தமாக இருந்தால் அங்கே ரோடு சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொன்னது எப்படியோ ஊர் வழக்கமாகிவிட்டது. மின்சாரம் போகும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை. பாப்பாத்தியின் புருஷன் அத்தியப்பன் வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, பிளாஸ்டிக் வண்டி ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றது, நிஜ வண்டி தொப்பூர் கணவாயில் நின்றது. கரண்ட் வந்து மறுபடி ஓட்டியும் அது அசையவில்லை. அத்தியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண் திறந்தபடி, மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தான். அவனை இறக்க முடியவில்லை, வண்டியைக் கிரேன் வைத்தும் நகர்த்த முடியவில்லை, சங்கிலிதான் அறுந்தது. போலீஸ்காரர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு வண்டியைச் சுற்றிக் கல் வைத்து வெள்ளையடித்துப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். பாப்பாத்தி வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய் ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தாள், உடம்பு சூடாகத்தான் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அதிலிருந்து கரண்டை நம்பாமல் லாரி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மோட்டாருக்குக் கொடுத்தார்கள், நடுவழியில் வயரைத் தொடக்கூடாது என்பது சட்டமானது.

வந்து சேர்ந்த வண்டிகள் வீட்டுக்குப் போன கையோடு ஊர் முனையில் இருந்த சடையப்பனின் வாட்டர் சர்வீஸுக்குப் போயின. சடையப்பன் பம்பரைக் குழாயால் அடிப்பான், சிவப்பாக ஓடும், பிறகு பழுப்பாக ஓடும், பிறகு தெளியும். முதல் தடவை என்னப்பா என்று யாரோ கேட்டபோது அவன் நாய் என்றான். அடுத்த வண்டிக்கும் நாய் என்றான். கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிரில்லில் சிக்கியிருந்ததை எடுத்து சாக்கடையில் போட்டுவிட்டும் நாய் என்றான். ஊரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. புருஷன் வந்த வீட்டில் விசாரிக்கப் போகிறவர்கள், ஆள் இளைத்திருக்கிறாரா, சரக்கு பத்திரமா, வழியில் நாய் கீய் உண்டா என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். வந்த ஆண்களோ வழியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் கூட்டுப் பிரார்த்தனையாக ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டார்கள், உயிரோடு வந்ததற்குத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறோம் என்று.

நாச்சிமுத்து மட்டும் பேசினான். அடுத்த சரக்குக்குக் கிளம்பும் முன்பு, டிபன் கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பிரேக்க மிதிச்சேன் புள்ள. காலுக்கடியில ஒண்ணுமே இல்ல, வெறுங்காத்து. ஒரு பொம்பள தலையில புல்லுக்கட்டு வெச்சுட்டு ரோட்டத் தாண்டுனா. என்னையப் பாத்தா. நிறுத்தீருவான்னு நெனச்சிருப்பா." டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "இனி என்ற வண்டியக் கட்டாத. நான் வந்தா வர்றேன், வராட்டி போறேன்" என்றான்.

சம்பூரணம் அன்று பிளாஸ்டிக் வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். சேஸ் இருந்தது, கியர் இருந்தது, ஸ்டியரிங் இருந்தது. பிரேக் இல்லை. பெட்டியிலும் இல்லை, மோட்டாரை நிறுத்தினால் நிற்கும் பொம்மைக்கு பிரேக் எதற்கு என்று செய்தவன் விட்டிருக்கிறான், பட்டறையில் பிறந்து வளர்ந்த அவளும் கவனிக்காமல் விட்டிருக்கிறாள். சடையப்பன் சாக்கடையில் போட்ட வளையல் துண்டு நினைவு வந்தது. ரப்பர் பேண்டைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தாள், கட்டையை உராயவைத்துப் பார்த்தாள், மோட்டார் முனகியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், வசந்தாமணிதான் பதில் சொன்னாள்.

"ஊட்டுக்கு வர்றவனுக்கு பிரேக் எதுக்குங்க்கா?"

அடுத்த அமாவாசைக்கும் பூ கேட்டார்கள். அம்மனிடம் யார் புருஷன் முதலில் வரவேண்டும் என்று கேட்டார்களே தவிர, பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சம்பூரணமும் மோட்டாரைக் கொடுத்தாள், ஏன் கொடுத்தாள் என்றால், இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பவளிடம் இல்லை என்று சொல்லும் நெஞ்சு அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். தன் முறை வந்தபோதெல்லாம் அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்தாள். நாச்சிமுத்து சொன்னபடியே வராமல் இருந்தான். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒரு போன். அவள் அவனுக்காக ஏங்கினாள், கட்டிய வண்டியை ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்தாள், அதில் மோட்டார் இருந்த இடம் மட்டும் ஓட்டையாக இருந்தது.

தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது போன் வந்தது. குரல் அவனுடையதாக இல்லை. மேலுக்கு முடியவில்லை, நெஞ்சு அடைக்கிறது, கிளீனர் சொல்லாமல் போய்விட்டான், வண்டியிலேயே படுத்திருக்கிறேன் என்றான். எங்கே என்று அவள் கேட்பதற்குள் போன் அணைந்தது. எங்கே என்று கேட்கவும் என்ன இருக்கிறது, கரட்டுப்புதூர்க்காரன் வடக்கேதான் இருப்பான். அவள் கோயிலுக்கு ஓடிப் பூ கேட்டாள். வெள்ளை வந்தது. ஆண்கள் எல்லோரும் பச்சை வேட்டி கட்டி, ஊர்ப்பெயர் எழுதிய பேனரைப் பிடித்துக்கொண்டு, காங்கேயம் தாராபுரம் ரோட்டில் பழனியைப் பார்த்து நடந்துகொண்டிருந்த நாள் அது. அவன் வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அவன் எங்கோ ஒரு ரோட்டோரத்தில் தனியாகச் சாவதைவிட, யார் மேலாவது ஏறியாவது வந்துவிடட்டும் என்று அவள் நினைத்தாள், நன்றாகத் தெரிந்தே நினைத்தாள். மோட்டாரை மாட்டி வயரைக் கொடுத்தாள்.

வடக்கிலிருந்து வர எப்படியும் சில நாள் ஆகும் என்று பெண்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையிலேயே அவன் போன் வந்தது. எங்கேயோ செருகியிருந்த சார்ஜரில் அதற்கு உயிர் வந்திருந்தது, வண்டிக்கு உயிர் வந்ததுபோல.

"நீயா ஓட்டற?"

"மேலுக்கு முடியலைன்னீங்களே."

"நாந்தான் வேண்டாம்னனே புள்ள" என்றான். கோபம் இல்லை, அழுகிற மாதிரி இருந்தது. அவன் வடக்கே இல்லை. கொச்சிக்குச் சரக்கு ஏற்றிப் போனவன் அங்கேதான் படுத்திருந்தான், பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் கடந்து, இப்போது வண்டி தாராபுரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. தாராபுரம் என்ற பெயர் அந்த அறையில் விழுந்ததும் விளக்குமாறு வைத்திருந்தவள் அதைக் கீழே போட்டாள். ஜான்சியும் ராய்ப்பூரும் பெயர்கள்தான், தாராபுரம் ரோடு அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரோடு. வசந்தாமணி ரங்கமணிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. நடக்கிறவர்கள் போனை மூட்டையோடு சேர்த்து முன்னால் போகும் வேனில் போட்டிருந்தார்கள். வேன் டிரைவருக்குப் போட்டாள், அவன் இன்னும் எழுந்திருக்கவில்லைபோல. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அன்று காலை அது ஒரே நேரத்தில் ஊருக்கே வந்தது.

வசந்தாமணி சம்பூரணத்தின் காலைப் பிடித்தாள். மற்றவர்களும் பிடித்தார்கள், பிடிக்க இடமில்லாதவர்கள் சேலையைப் பிடித்தார்கள். எடுக்கா, அந்த வயர எடுத்துருக்கா என்று அழுதார்கள். பாப்பாத்தி மட்டும் எதுவும் கேட்காமல் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், எடுத்தால் என்னாகும் என்று அவளுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் வண்டி அவர்கள் எல்லோரையும் சுற்றிக்கொண்டு, துளி அழுக்கில்லாத தரையில் போய்க்கொண்டிருந்தது.

சம்பூரணம் குனிந்து அவர்களைப் பார்த்தாள். "இன்னைக்கு ஆரும் நாய்னு சொல்லலியே" என்றாள்.

போனில் காற்றுச் சத்தம் கேட்டது, அதற்குள்ளிருந்து நாச்சிமுத்து பேசினான். முன்னால் ரோடு முழுக்கப் பச்சையாகத் தெரிகிறது என்றான். ஹார்ன் வேலை செய்யவில்லை என்றான். நம்ம ஊர் பேனர் தெரிகிறது, ரங்கமணி காவடியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நொண்டி நொண்டி எதிரே வருகிறான் என்றான். அப்புறம் சொன்னான்.

"புடுங்கியுடு சாமி."

அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவள் வயரைப் பிடுங்கினாள்.

வண்டி ரங்கமணியின் நெஞ்சுக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்து, முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டு, பம்பருக்கு ஒரு கீற்றுத் திருநீறு பூசிவிட்டு நடந்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவன் ஏறிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த மற்ற ஊர்க்காரர்களும் திருநீறு பூசினார்கள், யாரோ மாலை போட்டார்கள், மறுநாள் யாரோ உண்டியல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சம்பூரணம் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பாப்பாத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். ஈரத்துணியை எப்படிப் பிழிய வேண்டும், கண்ணைத் துடைக்கும்போது எந்தப் பக்கமாகத் துடைக்க வேண்டும் என்றெல்லாம் பாப்பாத்தி காட்டிக் கொடுத்தாள். நாச்சிமுத்துவின் உடம்பு சூடாக இருந்தது. போன் காதோரமாகவே இருந்தது. சம்பூரணம் ஊருக்குத் திரும்பவில்லை. கிளீனர் சீட்டில் குடியிருந்தாள், வண்டிக்கு அடியில் அடுப்புக் கூட்டினாள், திருநீறு பூச வருகிறவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டாள், பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் நாள் முழுக்கப் பேசினாள்.

அமாவாசைக்கு முன்னால் கரட்டுப்புதூர்ப் பெண்கள் வேன் பிடித்து வந்து சேர்ந்தார்கள். பழமும் சேலையும் கொண்டுவந்தார்கள். ஊர் கூடிப் புதுச் சட்டம் போட்டிருக்கிறது, இனி வடக்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான், தெற்கே போனவர்களுக்குக் கிடையாது, பூசக் காலத்தில் ஒருவருக்கும் கிடையாது என்று சொன்னார்கள். பெருமையாகவே சொன்னார்கள். மோட்டாரைக் கொடுங்க்கா என்றார்கள். சம்பூரணம் அமராவதி ஆற்றைக் காட்டி, பாலத்து மேலிருந்து அதில் வீசிவிட்டேன் என்றாள். அவர்கள் அவளைத் திட்டினார்கள், மலடிக்குத் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள், கொண்டுவந்த பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோடையில் ஆறு வற்றியது. ரங்கமணி மறுபடி வடக்கே போயிருந்தான், போன் எடுக்கவில்லை. பெண்கள் வரிசையாக ஆற்றில் இறங்கி, சமையல்கட்டுச் சல்லடையால் மணலைச் சலித்தார்கள், காலையில் இறங்கினால் வெயில் தாழ்ந்துதான் ஏறினார்கள். அவர்கள் குனிவதையும் நிமிர்வதையும் கேபினில் இருந்து சம்பூரணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மோட்டார் அவள் இடுப்பில், சேலை மடிப்புக்குள், ஒரு துணியில் முடிந்து இருந்தது. ஆற்றில் வீசத்தான் அன்று பாலத்துக்குப் போனாள், கை வரவில்லை. என்றைக்காவது ஒரு நாள் இதை வைத்துப் பக்கத்தில் இருப்பவனை எழுப்பிவிட முடியாதா என்று ஒவ்வொரு விடியலிலும் நினைத்தாள், ஒவ்வொரு விடியலிலும் அதைத் திரும்ப முடிந்து வைத்தாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் வசந்தாமணி மட்டும் தனியாக வண்டிக்கு வந்தாள். முன்பு பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நகமெல்லாம் தேய்ந்து, விரல் நுனியில் ரத்தம் கட்டியிருந்தது. எந்த இடம் என்று மட்டுமாவது சொல்லுங்க்கா, ஒரே ஒரு தடவை, அவர் ஒருத்தர் வந்தால் போதும், அப்புறம் நானே அதைக் கல்லில் போட்டு நசுக்கிவிடுகிறேன் என்றாள். சம்பூரணம் இறங்கி வந்து, தண்ணீர்க் கேனைச் சாய்த்து, அவள் கைகளை வாங்கி விரல் விரலாகக் கழுவிவிட்டாள். அவளும் அழுதாள், இவளும் அழுதாள். இடுப்பில் இருந்த முடிச்சு குனியும்போது வயிற்றில் அழுந்தியது.

"இன்னும் கொஞ்சம் கெழக்கால தேடிப் பாரு கண்ணு" என்றாள்.

வசந்தாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சல்லடையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.